மதுரையில் இரண்டு நாள்: கடைப் பட்டியலை விடக் கடிகாரம் முக்கியம்

சென்னையிலிருந்து சனிக்கிழமை விடியற்காலை வந்து இறங்கி, ஞாயிறு ராத்திரி ரயிலில் திரும்புகிறீர்கள். கூட வரும் அம்மா சைவம், நீங்கள் அசைவம். வீடியோ பார்த்துச் சேர்த்த பதினான்கு கடைப் பெயர்கள் கையில் இருக்கின்றன. அம்மாவுக்கு அசல் சுங்குடிச் சேலை ஒன்று எடுக்க வேண்டும், பேரம் பேசலாமா என்று தெரியவில்லை. நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவுதான். ‘இந்தப் பட்டியல் போதுமா’ என்று கேட்டிருந்தாலும், உள்ளே இருக்கிற கேள்வி வேறு என்று எனக்குப் படுகிறது. வெளியூர் ஆள் என்று தெரிந்ததும் ஆறின சோற்றையும் அச்சடித்த சேலையையும் தலையில் கட்டிவிடுவார்களோ என்பதுதான் உங்கள் கவலை. நியாயமான கவலை. அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன். கடைப் பெயர்கள் நடுவில் வந்தால் வரும்.

நான் மாசி வீதிப் பக்கம் ஜவுளி மொத்த வியாபாரத்தில் இருபத்து நாலு வருஷமாக இருக்கிறேன். வெளியூர் வியாபாரிகள் கொள்முதலுக்கு வருவார்கள். அவர்களுக்குத் துணி காட்டுவது ஒரு வேலை, சோறு வாங்கித் தருவது இன்னொரு வேலை. ஆர்டர் எழுதுவது பெரும்பாலும் இரண்டாவது வேலை முடிந்த பிறகுதான். தொழிலுக்கு வந்த புதிதில் ஈரோட்டு வியாபாரி ஒருவரை அயிரை மீன் குழம்புக்கென்று ஒரு மெஸ்ஸுக்குக் கூட்டிப் போனேன். கணக்குப் பார்த்து முடித்துப் போய்ச் சேரும்போது மணி மூன்று. “அண்ணே, அயிரை முடிஞ்சிருச்சு, குழம்பு மட்டும் கிடக்கு” என்றார் பரிமாறுகிறவர். சரி என்று வாங்கினோம். சட்டியின் அடியில் கிடந்தது, புளியும் காரமுமாக, மீன் வாடைகூட இல்லை. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் மோர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தார். அதே மெஸ்ஸில் அடுத்த தடவை பன்னிரண்டரைக்கு உட்காரவைத்தேன். இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கடை ஒன்றுதான், ஆளும் அதே ஆள்தான், மணி மட்டும்தான் வேறு. அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது இதைத்தான்: மதுரையில் எந்தக் கடை என்பதற்கு முன்னால் எத்தனை மணி என்று கேளுங்கள்.

சனிக்கிழமையை முதலில் எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான வீடுகளில் கறி எடுப்பது ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை கறி சாப்பிடாத வீடுகள் இங்கே நிறைய, புரட்டாசி என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் மெஸ்களில் சனிக்கிழமை மதியம் ஓரளவு மூச்சுவிட இடம் இருக்கும், ஞாயிறு மதியம் வாசலில் நிற்க வேண்டும். உங்கள் அசைவச் சாப்பாட்டைச் சனிக்கிழமை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஒரு மணிக்குள் இலை முன்னால் உட்கார்ந்துவிடுங்கள். சாப்பாட்டோடு வரும் குழம்பு வகைகளுக்குத் தனிக் காசு பெரும்பாலும் கிடையாது. ஆனால் உட்கார்ந்த உடனே ஒரு பெரிய தட்டில் சுக்கா, ஈரல், மூளை, குடல், கோலா உருண்டை, நண்டு என்று கிண்ணம் கிண்ணமாக அடுக்கி மூக்குக்கு நேரே நீட்டுவார்கள். அது உபசாரம் என்று நினைத்து நாலு கிண்ணத்தை இறக்கி வைத்துவிட்டுப் பில்லைப் பார்த்து முழித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் தனி விலை. கை வைப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முதல் தடவை என்றால் சுக்கா ஒன்று, கோலா உருண்டை ஒன்று போதும்.

அயிரையைப் பற்றி நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. விரல் நீளம்கூட இல்லாத அந்த மீனை உயிரோடு வாங்கி, தேங்காய்ப்பாலிலோ பாலிலோ விட்டு, வயிற்றில் இருக்கும் மண்ணைக் கக்கவைத்து, அப்புறம் உப்புப் போட்டு அலசித்தான் குழம்பில் போடுவார்கள். அந்த வேலை சரியாக நடக்கவில்லை என்றால் முதல் வாயிலேயே பல்லில் மண் நறநறக்கும். அப்படி நறநறத்தால் மீதியை ஒதுக்கிவிடுங்கள், அது ருசியின் பகுதி இல்லை. ‘வைகை அயிரை’ என்று சொல்வது இருக்கிறதே, அதைச் சிரித்துக்கொண்டு கேட்டுக்கொள்ளலாம். நகருக்குள் வைகையில் தண்ணீர் ஓடும் நாட்களை நாங்களே பாலத்தில் நின்று வேடிக்கை பார்ப்போம். கண்மாய் மீனாக இருந்தாலும் ருசிக்குக் குறைச்சல் இல்லை. விலை மட்டும் மற்ற மீனை விட நன்றாகவே கூட இருக்கும்.

கறி தோசை ராத்திரிச் சமாசாரம். சிம்மக்கல் கோனார் மெஸ் பெயர் உங்கள் பட்டியலில் கட்டாயம் இருக்கும், இருக்கட்டும். தடிமனாக ஊற்றிய மாவின் மேல் முட்டை, அதன் மேல் கொத்தின கறி மசாலா, திருப்பிப் போட்டு எண்ணெயில் வேகவிடுவார்கள். ஒன்று ஒரு ஆளுக்கு நிறைய. அதற்கு முன்னால் பன் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு வந்தால் இரண்டையும் கெடுத்துக்கொள்வீர்கள். வீடியோக்காரர்கள் ஒரே ராத்திரியில் ஐந்து கடை ஏறுகிறார்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு வாய்தான் தின்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. ராத்திரிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா கூட இருப்பதால் இன்னொன்று: பரோட்டாக் கடைச் சால்னா கிட்டத்தட்ட எப்போதும் கறி அல்லது எலும்பு போட்டதுதான். ‘வெறும் சால்னா’ என்றால் கறித்துண்டு இல்லாத சால்னா என்று அர்த்தமே தவிர, சைவச் சால்னா என்று அர்த்தம் இல்லை. கல்லும் ஒன்றே. அம்மாவைப் பரோட்டாக் கடைக்குக் கூட்டிப் போகாதீர்கள், அவருக்கு இந்த ஊரில் அதைவிட நல்ல விஷயங்கள் இருக்கின்றன.

அவருக்கு முதலில் இட்லி. மல்லிகைப்பூ மாதிரி இட்லி என்று சொல்லிச் சொல்லி அந்த உவமையே தேய்ந்துவிட்டது, ஆனால் இட்லியைப் புட்டால் நடுவில் ஈரமும் ஆவியும் இருக்க வேண்டும், நாலு வகைச் சட்னியில் ஒன்றாவது கொஞ்சம் உறைக்க வேண்டும். நிற்கிற கூட்டத்தைப் பாருங்கள், அதிலும் பார்சல் வாங்க வீட்டுத் தூக்குவாளியோடு நிற்கும் ஆட்களைப் பாருங்கள். அவர்கள் நிற்கும் கடை தவறாது. மத்தியானத்துக்கு மேல், மூன்றரை நாலு மணிவாக்கில், சித்திரை வீதி, ஆவணி மூல வீதிப் பக்கத்துப் பழைய டிபன் கடைகளில் வெள்ளையப்பம் போடுவார்கள். எண்ணெயில் பொரித்தெடுத்த வெள்ளை அப்பம், கூடக் காரச் சட்னி. ஐந்தரைக்குப் போனால் கல்லாவைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். சௌராஷ்டிரக் குடும்பங்கள் நெருங்கி வாழும் மஹால் பக்கத்துத் தெருக்களில் முள்ளு முருங்கை இலையை அரிசியோடு அரைத்துச் சுட்ட பச்சை நிற அடை கிடைக்கும். சளி பிடித்தவர்களுக்கு நல்லது என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். மருந்தாக வேலை செய்கிறதா என்பது எனக்குத் தெரிந்த துறை இல்லை, பலகாரமாக நன்றாக இருக்கும்.

சாயங்காலம் தள்ளுவண்டியில் பருத்திப்பால் வரும். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பால் பிழிந்து, வெல்லமோ கருப்பட்டியோ போட்டு, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டுக் காய்ச்சியது. மேலே தேங்காய்ப்பூ. மாட்டுப்பால் குடித்தால் ஒத்துக்கொள்ளாத பெரியவர்களுக்கும் தோதான பானம். சூடாகக் கொதித்துக்கொண்டே இருக்கும் வண்டியாகப் பாருங்கள். நீர்த்துப்போய் மாவு வாசம் தூக்கலாக இருந்தால் கொட்டைப்பால் குறைந்து அரிசி மாவு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அம்மா ஜிகர்தண்டா குடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக. அதில் இருக்கிற வழுவழுப்பு கடல்பாசி, கூடப் போடுவது பாதாம் பிசின். ஒன்று பாசி, இன்னொன்று மரத்துப் பிசின், இரண்டுமே சைவம்தான். மீதி சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரிச் சர்பத், ஐஸ்கிரீம். ராத்திரி பரோட்டாவுக்கு மேல் இதைக் குடிப்பது இப்போது பழக்கமாகிவிட்டது, எனக்கு உடன்பாடு இல்லை. வயிறு நிறைந்த பிறகு இதன் ருசி தெரியாது. வெயிலில் சுற்றிவிட்டு மூன்று மணிக்கு விளக்குத்தூண் பக்கம் நின்று குடித்துப் பாருங்கள். இதை ராஜா காலத்தில் கொண்டுவந்தார்கள், நவாபு காலத்தில் கொண்டுவந்தார்கள் என்று கடைக்கு ஒரு கதை உண்டு. அதற்குச் சான்று என்று நம்பும்படி எதையும் நான் பார்த்ததில்லை. பெயர் மட்டும் நெஞ்சைக் குளிர்விப்பது என்ற பொருளில் உருது, இந்திப் பக்கத்திலிருந்து வந்தது என்பது தெளிவு.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன், இங்கே கொஞ்சம் நீட்டுவேன். சுங்குடி என்பது பருத்தித் துணியில் கையால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கும் வேலை. நெசவாளச் சௌராஷ்டிரக் குடும்பங்களின் கைத்தொழில், முடிச்சுப் போடுவது பெரும்பாலும் பெண்கள். துணியை மடித்து, புள்ளி வர வேண்டிய இடத்தில் நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலைச் சுற்றி இறுக்குவார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு விழும். வீட்டு வேலைக்கு நடுவில் போடுவதால் ஒரு சேலை முடிய வாரக்கணக்கில் ஆகும். சாயம் போட்டுக் காய்ந்ததும் நூல் இறுகிய இடம் மட்டும் சாயம் ஏறாமல் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். 2005-ல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் குறியீடு கிடைத்ததால் முடிச்சுப் போடுகிறவர்களின் எண்ணிக்கை கூடவில்லை, குறைந்துகொண்டே வருகிறது. கூலி கட்டுப்படியாகாத வேலையை மகள் ஏன் கற்றுக்கொள்வாள்?

ஆகவே கடைகளில் ‘சுங்குடி’ என்று தொங்குவதில் பெரும்பங்கு அச்சுச் சேலை. மெழுகு அச்சு ஒன்று, மெழுகால் புள்ளி பதித்துச் சாயத்தில் முக்குவது. திரை அச்சு ஒன்று, திரை வழியாகத் துணியின் மேல் சாயம் தள்ளுவது. இதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல பருத்தியில் போட்ட அச்சுச் சுங்குடி மதுரை வெயிலுக்கும் சென்னைப் புழுக்கத்துக்கும் அருமையான உடுப்பு, எங்கள் வீட்டிலேயே தினமும் கட்டுவது அதுதான். கை முடிச்சு என்று சொல்லி அச்சுச் சேலையை விற்றால்தான் ஏமாற்று. எப்படிக் கண்டுபிடிப்பது? சேலையை விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். அச்சில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இம்மிகூட வித்தியாசம் இருக்காது, விளிம்பு வெட்டினாற்போல் இருக்கும். கை முடிச்சில் ஒரு புள்ளி உருண்டையாக இருக்கும், பக்கத்துப் புள்ளி கோணலாக இருக்கும், விளிம்பில் சாயம் லேசாக உள்ளே கசிந்திருக்கும். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். முடிச்சு இருந்த இடத்தில் துணி சின்னதாகப் புடைத்துச் சுருங்கியிருக்கும், வேர்க்குரு தட்டின மாதிரி. கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட சேலையில் இந்தச் சுருக்கம் மங்கிவிடும், அதனால் இஸ்திரி போடாததைக் காட்டச் சொல்லுங்கள். சில கடைகளில் ஒரு ஓரத்து முடிச்சை அவிழ்க்காமலே வைத்திருப்பார்கள். உங்கள் கண் முன்னால் துணியை இரண்டு கையாலும் இழுப்பார்கள், நூல்கள் பொடபொடவென்று தெறித்து விழும். அதைப் பார்த்துவிட்டால் வேறு அத்தாட்சி வேண்டாம். பின்பக்கத்தைப் புரட்டிப் பார்க்கச் சொல்லும் யோசனை பலர் தருவது. திரை அச்சில் பின்பக்கம் மங்கும், அது சரி. மெழுகு அச்சில் பின்பக்கமும் நன்றாகவே சாயம் ஏறியிருக்கும். ஆகவே அதை மட்டும் நம்பாதீர்கள். இன்னொரு கூட்டம் இருக்கிறது: பாலியஸ்டர் கலந்த துணியில் புள்ளி அடித்தது. கசக்கிப் பிடித்து விட்டால் சுருங்காமல் நழுவும். அதன் பக்கமே போக வேண்டாம்.

அச்சுச் சேலை நல்லதே ஆயிரம் ரூபாயை ஒட்டி எடுத்துவிடலாம். கை முடிச்சு அதைப்போலச் சில மடங்கு ஆகும். ‘கை முடிச்சு, எழுநூறு ரூபாய்’ என்று ஒருவர் சொன்னால் பேரம் பேசாமல் வெளியே வாருங்கள், அந்த விலைக்கு முடிச்சுப் போட்டவருக்கு என்ன கிடைத்திருக்கும்? பேரத்தைப் பொறுத்தவரை, சீட்டில் விலை ஒட்டியிருக்கும் பெரிய கடைகளில் கேட்டுப் பலன் இல்லை. சந்துக் கடைகளில் ஐம்பது நூறு குறைப்பார்கள், மூன்று நாலு சேலை எடுத்தால் இன்னும் இறங்குவார்கள். பாதிக்குப் பாதி கேட்பது எங்கள் ஊரில் எடுபடாது. “நீங்களே பார்த்துப் போடுங்கண்ணே” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுங்கள். எங்களை மடக்க அதைவிட நல்ல ஆயுதம் இல்லை.

எங்கே எடுப்பது? கோயிலைச் சுற்றி வீதிகள் சதுரம் சதுரமாகப் போகின்றன: சித்திரை, ஆவணி மூலம், மாசி, அப்புறம் வெளி வீதி. உள்ளேயிருந்து வெளியே வர வர வாடகை குறையும், வாங்குகிற ஆளும் மாறுவார். கோபுரத்துக்கு நேர் எதிரே இருக்கும் கடை முதன்மையாக உங்களை மாதிரி வந்து போகிறவர்களுக்கானது. தெற்கு மாசி வீதி, விளக்குத்தூண், பத்துத் தூண் சந்து என்று போனால் ஊர்க்காரர்கள் கல்யாணத்துக்குத் துணி எடுக்கும் இடம். கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புது மண்டபம் என்று உங்கள் பட்டியலில் இருந்தால் அதை அடித்துவிடுங்கள். திருமலை நாயக்கர் கட்டிய அந்தக் கல்மண்டபத்தில் தூணுக்குத் தூண் தையல் மிஷினும் வளையல் கடையும் புத்தகக் கடையுமாக இருந்தது பழைய கதை. அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். பழைய வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து இன்னமும் மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறவர்கள் இருக்கிறார்கள். சிற்பத்துக்காகப் போய்ப் பாருங்கள், ரவிக்கை தைக்கப் போகாதீர்கள்.

ஆட்டோக்காரரோ தெருவில் சிநேகமாகப் பேச்சுக் கொடுக்கும் ஒருவரோ “மாடிக்கு வாங்க, கோபுரம் நாலும் தெரியும், காசு வேண்டாம்” என்று கூப்பிட்டால், மாடியிலிருந்து இறங்கும் வழி ஒரு கைவினைப் பொருள் கடைக்குள்தான் இருக்கும். கூப்பிட்டவருக்குக் கமிஷன் உண்டு. என் சகலையே ஒசூரிலிருந்து வந்து அப்படி மாட்டினார், என் கடைக்கு நடந்து வரும் தூரத்தில்! பாலியஸ்டர் புள்ளிச் சேலை இரண்டு, கை முடிச்சு விலைக்கு. மரியாதைக்காக மூன்று நாள் என்னிடம் சொல்லவில்லை. கோபுரம் பார்க்கப் போவதில் தப்பில்லை, பர்ஸை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

துணி எடுப்பதைச் சனிக்கிழமையே முடித்துக்கொள்ளுங்கள். கடைகள் சாவகாசமாகப் பத்து மணிக்கு மேல்தான் திறக்கும், ஞாயிற்றுக்கிழமை மாசி வீதிகளில் மொத்தக் கடைகள் பலவும் பூட்டிக் கிடக்கும். மத்தியானம் கோயில் நடை சாத்திவிடும், அந்த நேரத்தைத் துணிக்கு ஒதுக்கினால் சரியாக இருக்கும். கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது, வாசலில் பாதுகாப்பு அறையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். வரிசையில் நின்று திரும்பி வாங்க நேரம் ஆகும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாத்திரம் வாங்குவதென்றால் வெண்கலக்கடைத் தெரு. பித்தளையும் வெண்கலமும் கிலோ கணக்கு, அன்றைய விலையைக் கேட்டு, தராசைப் பார்த்து வாங்குங்கள். சமைக்கிற பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே வெள்ளீயம் பூசியிருக்க வேண்டும். என்னைக் கேட்டால் சென்னைக்குத் தூக்கிப் போகத் தகுந்தது இரும்புப் பணியாரக் கல்தான். நகை வாங்குவது பற்றி வாய் திறக்க மாட்டேன், தெற்காவணி மூல வீதியில் நூறு வருஷமாக அதே தொழிலில் இருக்கிறவர்களே அடுத்த கடைக்குப் போய் உரசிப் பார்க்கிறார்கள்.

ஊருக்கு வாங்கிப் போகும் தின்பண்டத்தில் ஒரு குழப்பம் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா, கோவில்பட்டிக் கடலைமிட்டாய், மணப்பாறை முறுக்கு எல்லாம் மதுரையில் கிடைக்கும், எதுவும் மதுரைச் சரக்கு இல்லை. இங்கேயே சுடச்சுடக் கிண்டுவது அல்வா. ரயில் நிலையத்துக்கு எதிரே இலைத் துண்டில் வைத்துத் தருவார்கள், கூட ஒரு பிடி காராச்சேவு. ஞாயிறு காலை நேரம் இருந்தால் அம்மாவை அழகர்கோவிலுக்குக் கூட்டிப் போங்கள், வடக்கே இருபது கிலோமீட்டர் சொச்சம். அங்கே பிரசாதமாகத் தரும் தோசை தோல் உளுந்து போட்டு நெய்யில் வெந்த தடித்த தோசை. ஆறினாலும் நன்றாக இருக்கும் தோசை எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

மல்லிகையைக் கடைசியாக வாங்குங்கள். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டைக் காலையில் பார்ப்பது ஒரு காட்சி, ஆனால் அங்கே உதிரிப்பூ கிலோ கணக்கில், கட்டுவதற்கு ஆள் வேண்டும். விலை காலைக்கும் மாலைக்கும் மாறும். முகூர்த்த நாளிலும் பனிக்காலத்திலும் கேட்டால் தலை சுற்றும், வெயில் காலத்தில் கொட்டிக் கிடக்கும். நீங்கள் ஞாயிறு சாயங்காலம் ரயிலுக்குப் போகும் வழியில் கட்டின சரமாக வாங்குங்கள். விரிந்த பூ வேண்டாம், காம்பு விறைப்பாக இருக்கும் மொட்டாகக் கேளுங்கள். வாழை இலையில் சுற்றித் தரச் சொல்லுங்கள், பிளாஸ்டிக் பையில் போட்டால் வேர்த்துப் பழுத்துவிடும். எழும்பூரில் இறங்கும்போது வாசனை குறையாமல் இருக்கும். அந்தப் பொட்டலத்தை மட்டும் சேலைப் பையில் வைத்துவிடாதீர்கள். புதுச் சுங்குடி முதல் ஈரம் பட்டாலே சாயம் விடும், தனியாக உப்புத் தண்ணீரில் ஒரு தடவை அலசும் வரைக்கும் அதற்குப் பக்கத்தில் ஈரமான எதுவும் ஆகாது.